கல்முனைக் கரையின் இலக்கியமும் கடல்கடந்த தொடர்புகளும்

மட்டக்களப்புக்குத் தெற்கே ஒருபுறம் கடலையும் மறுபுறம் வயலையும் கொண்டு நீண்டு செல்லும் பெருந்தெருவிற் பயணஞ் செய்வோர் பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் என்னும் ஊர்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காண்பர். கோயில் மணியோசை அடங்குமுன் பள்ளிவாசலின் பாங்கொலி கேட்கும். ஊருக்கு ஊர் சமயம் மாறுமேயன்றி மொழி மாறுவதில்லை. 1961ஆம் ஆண்டு வரை மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இப்பகுதி, அவ்வாண்டு முதல் அம்பாறை மாவட்டத்துட் சேர்ந்தது. நெல்லும் மீனும் நெசவும் இதன் செல்வங்கள் என்பதனைப் புவியியல் நூல்கள் கூறும். இக்கரையிற் பிறந்த இலக்கியம் எந்தெந்த நாடுகளோடு உறவு கொண்டது, அவ்வுறவு எவ்வழியாக வந்தது என்பதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிற்றூர்களுக்கு உலகத் தொடர்பு ஏது என்று வினவுவோர் உளர். அவர் பொருட்டு வேற்று நாட்டு நகரொன்றைச் சுட்டுதல் தகும். இன்றைய ஈராக்கின் வடகிழக்கே, குர்திய மக்கள் வாழும் மலைநாட்டிற் சுலைமானியா என்றொரு நகர் உண்டு. 1784ஆம் ஆண்டு பாபான் குலத்துச் சிற்றரசரான இப்ராஹீம் பாஷா என்பவரால் அது நிறுவப்பெற்றது. பெருமன்னரின் தலைநகரும் அன்று, கடற்றுறைமுகமும் அன்று. அயலே பாரசீகமும் துருக்கியும் பேரரசு மொழிகளாய் ஓங்கி நின்ற காலத்தில், நாலீ, சாலிம், குர்தீ என்னும் புலவர் மூவர் அந்நகர் மக்கள் வீட்டிற் பேசிய கிளைமொழியையே செய்யுளுக்கு உரியதாக்கினர். பாபான் அரசு வீழ்ந்தபின் நாலீ நாடு திரும்பாது இஸ்தான்புல்லில் மறைந்தார். அவர் ஆக்கிய மொழியோ அந்நகரில் நிலைத்தது. 2019ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனமாகிய யுனெஸ்கோ அதனை இலக்கிய நகரங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. நமக்கு அண்மையிலுள்ள கோழிக்கோடு 2023இல் அப்பெயரைப் பெற்றது.

சுலைமானியாவுக்குத் தொடக்கத்தில் ஓர் அரசவை இருந்தது. கல்முனைக் கரைக்கு அவ்வாய்ப்பு இருந்ததில்லை. இங்கே புலவரை ஆதரித்த மன்னர் இலர். பெருஞ் செல்வரும் அரியர். பள்ளிக்கூட ஆசிரியர்களே இங்குப் புலவராயினர். அவர்களே பதிப்பாளரும் மொழிபெயர்ப்பாளரும் ஆயினர். இக்கரையின் இலக்கிய வரலாற்றை எழுதப் புகுவோர் ஆசிரியர் வரவுப் பதிவேடுகளை முதலிற் புரட்டுவாராயிற் பாதி வேலை முடிந்துவிடும் என்று நான் விளையாட்டாகக் கூறுவதுண்டு.

கடல்வழித் தொடர்புகளுள் மூத்தது அரபுத் தொடர்பு. அதன் இலக்கிய வடிவம் அரபுத்தமிழ் எனப்படும். அரபெழுத்தினால் தமிழை எழுதும் முறை அது. அரபு நெடுங்கணக்கின் எழுத்துகள் 28. ட, ண, ள, ழ, ங, ஞ, ப முதலிய தமிழொலிகள் சிலவற்றுக்கு அந்நெடுங்கணக்கில் இடமில்லை. ஆதலின் உள்ள எழுத்துகளுக்கே புள்ளி கூட்டியும் குறி சேர்த்தும் புதிய எழுத்துகளைப் படைத்துக்கொண்டனர் நம் முன்னோர். அரபில் இல்லாத எகர ஒகரங்களுக்கும் குறி வகுத்தனர். இவ்வாறு மேலும் 12 எழுத்துகள் சேர்ந்து 40 எழுத்துகள் ஆயின என்பர். காயல்பட்டினம், கீழக்கரை ஆகிய தமிழகக் கடற்றுறைகளிலும் பேருவளை முதலிய இலங்கைத் துறைகளிலும் இம்முறை தழைத்தது. கீழக்கரையின் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) இலங்கையெங்கும் பயணஞ் செய்தவர். சமயச் சட்டங்களை விளக்கும் அவரது 'மகானி' வீடுதோறும் ஓதப்பட்ட நூல். பேருவளை ஷெய்கு முஸ்தபா அவர்கள் குர்ஆனுக்கு அரபுத்தமிழில் விரிவுரை வரைந்தார்.

இந்நூல்களைப் படித்தோர் யாவர் என்பதே ஈண்டு நோக்கத்தக்கது. தமிழெழுத்துப் பள்ளிக்கூடங்களுக்குப் பெண் பிள்ளைகளை அனுப்பாத காலம் அது. ஆயினும் குர்ஆன் ஓதுவதற்காக அரபெழுத்தை யாவரும் கற்றனர். ஆகவே தமிழ் நெடுங்கணக்கில் ஓரெழுத்தும் அறியாத பெண்கள் அரபெழுத்தின் வழியே தமிழ் மாலைகளையும் கிஸ்ஸாக்களையும் தட்டின்றிப் படித்தனர். அரசாங்கக் கணக்கில் அவர்கள் எழுத்தறிவற்றோர். கையெழுத்து வேண்டிய இடத்திற் பெருவிரல் அடையாளமிட்ட அப்பெண்மணியரே மாலையில் அயல்வீட்டாரைச் சுற்றி அமர்த்தி நூல் படித்துக் காட்டினர். அச்சில் வந்த அரபுத்தமிழ் நூல்களேயன்றிக் கைப்பிரதிகளும் இக்கரையின் பெட்டகங்களில் மருந்து, சமயம், வாழ்த்து எனப் பலவகையாக இருந்தன.

இனி, இக்கரையிற் பிறந்த பெரும் புலமையாளரிடம் வருவோம். காரைதீவில் 1892ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 27ஆம் நாள் பிறந்த மயில்வாகனனார் பின்னாளிற் சுவாமி விபுலாநந்தர் ஆயினார். கல்முனையில் வெசிலியன் மிசன் பாடசாலையிலும், பின்னர் மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் பயின்றவர். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதராயினார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டத்தை வெளிவாரி மாணாக்கராயிருந்தே பெற்றார். பகல் முழுவதும் கற்பித்து, இரவில் விளக்கு முன் தனியே அமர்ந்து அயல்நாட்டுப் பரீட்சைக்குப் படிப்பது யாது என்பதனை அவ்வழியே சென்றோர் மட்டுமே அறிவர். அவருக்கு அது பட்டத்தை மட்டும் கொடுக்கவில்லை. மேனாட்டு நூல்களைத் துணையின்றிப் படிக்கும் உரத்தையும் கொடுத்தது.

அவ்வுரத்தின் பயனே 'மதங்கசூளாமணி'. 1924இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தில் நிகழ்த்திய பேருரையினின்று விரிந்து, 1926இல் நூலாக வெளிவந்தது. தமிழ் நாடக இலக்கணங்களை ஒரு பகுதியில் தொகுத்து, சேக்சுபியரின் நாடகங்கள் பன்னிரண்டினை எடுத்துக்காட்டாக இன்னொரு பகுதியில் ஆராய்ந்து, வடமொழித் தனஞ்சயரின் தசரூபகக் கருத்துகளை இறுதியில் வைத்தார். மூன்று நாட்டு மரபுகள் ஒரு சிறிய நூலுள் அருகருகே அமர்ந்துள்ளன. அந்நூலில் ஆங்கிலப் புலவரின் பெயர் 'செகசிற்பியார்' என வழங்கப்பெறுகின்றது. ஒலியும் கெடாது, உலகைச் செதுக்கிய சிற்பி என்ற பொருளும் தோன்ற, ஆர் விகுதியால் மரியாதையும் சேர்ந்து நிற்கும் இப்பெயரைச் சிலர் வேடிக்கை என்பர். எனக்கு அது விருந்தினரை வீட்டுக்குள் அழைத்து நம் பாயில் இருத்தும் முறையாகவே படுகின்றது. 'ஆங்கிலவாணி', 'யவனபுரத்துக் கலைச்செல்வம்' என்னும் கட்டுரைகளிலும் இதே போக்கினைக் காணலாம். கிரேக்கரின் கலையைப் பேசும்போதும் ஆங்கிலக் கவிஞரைத் தமிழ்ச் செய்யுளிற் பெயர்க்கும்போதும் அவர் அடிமைப்பட்டு வியக்கவுமில்லை. அயலது என்று இகழவுமில்லை.

1931 முதல் 1933 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதற் தமிழ்ப் பேராசிரியர். 1939 முதல் 1941 வரை இமயச் சாரலில் மாயாவதியிலிருந்து வெளிவந்த 'பிரபுத்த பாரத' என்னும் ஆங்கில மாத இதழின் ஆசிரியர். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியர். இப்பதவிகளை விரிக்க வேண்டியதில்லை. வாசகர் பலரும் அறிவர். 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் 'யாழ்நூல்' அரங்கேறியது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் அதனை வெளியிட்டது. ஆறு வாரங் கழித்து, ஜூலை 19ஆம் நாள், சுவாமிகள் மறைந்தார்.

அவரது வாழ்வின் கடைசிப் பகுதியில் நிகழ்ந்த ஒரு சந்திப்பே இக்கட்டுரையில் நான் விரிவாகக் கூற விரும்புவது. அதற்குக் காரணமாயமைந்தது பர்மா தேசத்து நெல். 1942 மார்ச்சில் ரங்கூன் சப்பானியர் கைப்பட்டது. அந்நாட்டு அரிசியையே நம்பியிருந்த இலங்கை உணவுக்குத் திண்டாடியது. ஏப்பிரல் 5ஆம் நாள் கொழும்பு மீதே குண்டுகள் வீழ்ந்தன. நெல் விளையும் பகுதிகளில் உற்பத்தியைப் பெருக்குமாறு அரசாங்கம் அதிகாரிகளை விரைந்து அனுப்பியது. அவ்வாறு கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்தவர் ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள். யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் 1911இற் பிறந்து, வைத்தீசுவர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் பயின்று, இலங்கைச் சிவில் சேவையில் முஸ்லிம்களுள் முதல்வராகச் சேர்ந்தவர் அவர். திருநீறணிந்த ஆசிரியரிடம் தமிழ் கற்ற முஸ்லிம் இளைஞர், கல்முனையில் அதன் மறுதலையைக் கண்டார் எனலாம். ஆங்குள்ள முஸ்லிம் பிள்ளைகளிற் பலர்க்கு எவ்வாசிரியரும் இலர்.

வந்தது நெல்லுக்காக, செய்தது கல்விக்காக. 1942இலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தை நிறுவினார். அப்பணியினின்று முளைத்ததே 1945இல் தோன்றி, வறிய மாணவர் பலரைப் பல்கலைக்கழகம் வரை கொண்டுசென்ற முஸ்லிம் கல்விச் சகாய நிதி. இக்கல்முனைக் காலத்தில் அவர்க்கு இருவர் நெருங்கிய நண்பராயினர். ஒருவர் விபுலாநந்த அடிகள். மற்றவர் காத்தான்குடிக் கவிஞரும் ஆசிரியருமாகிய அப்துல் காதர் லெப்பை. இராமகிருஷ்ண மடத்துத் துறவி, அரசாங்க அதிகாரி, கிழக்கிலங்கை முஸ்லிம் கவிஞர் ஆகிய மூவரையும் பிணைத்த பொருள்களுள் ஒன்று, சில ஆண்டுகளுக்கு முன், 1938இல், இலாகூரில் மறைந்த அல்லாமா இக்பாலின் கவிதை.

இக்பாலின் கவிதை இக்கரைக்கு வந்து சேர்ந்த வழியைச் சற்றே பின்னோக்கிப் பார்த்தல் வேண்டும். பதினான்காம் நூற்றாண்டிற் பாரசீகத்துச் சீராசு நகரில் ஹாபிஸ் பாடினார். அவர் பாடல்களை 1812, 1813ஆம் ஆண்டுகளில் ஹம்மர் என்னும் ஆஸ்திரியர் செருமானிய மொழியில் வெளியிட்டார். அதனைப் படித்த கதே பெருங்கவிஞர் தம் கீழை மேலைத் திவானை 1819இல் இயற்றினார். அதற்கு விடையாகவே, நூறாண்டு கழித்து, 1923இல் இக்பால் தம் 'பயாமே மஷ்ரிக்' என்னும் நூலைப் பாரசீகத்தில் வெளியிட்டார். அவரது 'அஸ்ராரே குதீ'யை 1920இலேயே கேம்பிரிச்சுப் பேராசிரியர் நிக்கல்சன் ஆங்கிலமாக்கியிருந்தார். இத்தகைய ஆங்கில நூல்களின் வழியே இக்பாலின் புகழ் தென்னாட்டையும் ஈழத்தையும் எட்டியது. ஈற்றில் 1961ஆம் ஆண்டு அப்துல் காதர் லெப்பை அவர்களின் 'இக்பால் இதயம்' தமிழில் வெளிவந்தது. உமர் கய்யாமையும் அவர் தமிழாக்கினார். சீராசிற் புறப்பட்ட குரல் வீன்னா, வைமார், இலாகூர், கேம்பிரிச்சு என்று சுற்றிக் காத்தான்குடிக்கு வர ஐந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற் சென்றன!

அஸீஸ் அவர்கள் பின்னர் 1948 முதல் 1961 வரை கொழும்புச் ஸாஹிறாக் கல்லூரி அதிபராயிருந்தார். 'இலங்கையில் இஸ்லாம்' (1963), எகிப்துப் பயணத்தைக் கூறும் 'மிஸ்றின் வசியம்' (1967), 'கிழக்காபிரிக்கக் காட்சிகள்' (1967) முதலிய நூல்களால் தமிழில் பயண இலக்கியத்தை வளப்படுத்தினார். 1973இல் மறைந்தார். கல்முனையில் அவர் தங்கியிருந்த காலம் சிறிதே. எனினும் ஓர் அதிகாரியின் குறுகிய பணிக்காலம் இவ்வளவு விளைத்ததற்கு இன்னோர் எடுத்துக்காட்டை நான் கண்டிலேன்.

அடுத்த தலைமுறை பெரியநீலாவணையிலும் கல்முனைக்குடியிலும் எழுந்தது. பெரியநீலாவணையின் சின்னத்துரை என்னும் ஆசிரியர் (1931–1975) நீலாவணன் என்ற பெயரில் எழுதினார். அவர் மறைவுக்குப் பின் 1982இல் நூலான 'வேளாண்மை' இம்மண்ணின் நெற்செய்கையையும் குடும்ப வாழ்வையும் உழவர் பேச்சிலேயே பாடும் காவியம். அவர் சூழலில் வளர்ந்த இளைஞருள் ஒருவர், 1944இற் பிறந்த கல்முனைக்குடி எம். ஏ. நுஃமான், அவரும் ஆசிரியராகத் தொடங்கியவரே. நீலாவணன் 1967இல் 'பாடும்மீன்' நடத்தினார். நுஃமான் 1969இல் 'கவிஞன்' நடத்தினார். இரண்டும் நெடுநாள் நிலைக்கவில்லை. சிற்றிதழ்களின் ஆயுள் ஆசிரியரின் சம்பளத்தைப் பொறுத்தது.

1981ஆம் ஆண்டு நுஃமானின் மொழிபெயர்ப்பிற் 'பலஸ்தீனக் கவிதைகள்' வெளிவந்தது. மஹ்மூத் தர்வீஷ், பத்வா துகான், சமீஹ் அல்காசிம் முதலியோரின் குரல் தமிழிற் கேட்டது. நிலமிழந்தோர் பாடிய அப்பாடல்களை, எண்பதுகளில் ஊரிழந்து அகதி முகாம் சென்ற ஈழத்து இளைஞர் தம் பாடல்களாகவே படித்தனர். அந்நூல் பின்னர் விரிவாக்கப்பெற்றுத் தமிழகத்திலும் மறுபதிப்புக் கண்டது. 1990இல் இக்கரையிலும் குருதி சிந்தியது. அண்டை ஊர்கள் இரண்டும் ஒன்றையொன்று அஞ்சின. அக்காலத்தும் அந்நூல் இரு புறத்தாராலும் படிக்கப்பட்டது. அதனை இந்துவின் நூல் என்றோ முஸ்லிமின் நூல் என்றோ எவரும் பிரிக்கத் துணிந்திலர்.

ஈண்டு ஒரு வினா எழுகின்றது. ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் ஐந்து வயதில் அரபெழுத்தைக் கூட்டி ஓதும் கரை இது. மத்ரஸாக்களில் அரபிலக்கணம் ஆண்டுக் கணக்காகப் பயிலப்படுகின்றது. அவ்வாறிருந்தும் அரபுக் கவிஞர் இங்கு ஆங்கிலத்தின் வழியாகவே வந்தமை எதனால்? இடைமொழி வழி வருதல் இழுக்கு என்று நான் கூறவில்லை. கதேயும் ஹாபிசைச் செருமானிய மொழிபெயர்ப்பின் வழியாகவே கண்டார் என்று மேலே கூறினேன். எனினும் நேர்வழி திறந்திருக்கச் சுற்றுவழி செல்வதற்குக் காரணம் இருத்தல் வேண்டும்.

காரணம் இரண்டு என்பது என் கருத்து. முதலாவது, அரபுமொழி நம்மிடையே வேதமொழியாகவே பயிலப்பட்டது. அம்மொழியில் இன்று கவிதையும் கதையும் எழுதப்படுகின்றன என்ற எண்ணமே பாடத்திட்டத்துட் புகவில்லை. 1970களின் பிற்பகுதி தொடக்கம் இக்கரையிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வளைகுடா நாடுகளுக்குத் தொழிலுக்குச் சென்றனர். கடையிலும் வீட்டிலும் அரபு பேசக் கற்றுத் திரும்பினர். பணமும் கட்டடமும் உடையும் வந்தன. கெய்ரோவின் நாவலோ பக்தாதின் கவிதையோ அப்பெட்டிகளில் வந்தமை மிக அரிது. இரண்டாவது காரணம், அரபுத்தமிழ் அழிந்தமை. அரபையும் தமிழையும் நாள்தோறும் ஒரே பக்கத்தில் வைத்துப் பழகிய ஒரு கூட்டம் இருந்தது. தமிழ்ப் பள்ளிக்கூடம் பெருகியதும், அச்சுத் தமிழ் மலிந்ததும், அக்கூட்டம் மெல்லக் கலைந்தது. பெண்கள் தமிழெழுத்துக் கற்றமை பெரும் பேறே. அதனைக் குறைகூறுவார் இலர். ஆயினும் பாட்டி படித்த நூலைப் பேர்த்தி படிக்க இயலாத நிலை அதனுடன் வந்தது.

ஆங்கில வழியும் குறுகியது. 1960ஆம் ஆண்டளவில் பல்கலைக்கழகக் கலைப்பீடத்திலும் தாய்மொழிப் போதனை புகுந்தது. அம்மாற்றத்தினாலேயே நம்மூர்ப் பிள்ளைகள் பெருந்தொகையாகப் பட்டதாரிகளாயினர். அதனை மறத்தல் நன்றிக்கேடு. எனினும் விபுலாநந்தரும் அஸீசும் நுஃமானும் இரு மொழியிற் படித்தோர் என்பதனையும் மறத்தல் ஆகாது. இன்று ஒலுவிலில் 1995இல் தொடங்கி மறு ஆண்டே முழுப் பல்கலைக்கழகமாகிய தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் அரபும் தமிழும் ஆங்கிலமும் கற்பிக்கப்படுகின்றன. மூன்றையும் ஒருங்கு கற்றோர் அங்கிருந்து வரக்கூடும்.

2004 திசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை இலங்கையில் வேறெம் மாவட்டத்தினும் அதிகமாக அம்பாறை மாவட்டத்திலேயே உயிர்களைக் கொண்டது. மாண்டோர் தொகை பத்தாயிரத்துக்கு மேல். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு ஆகிய ஊர்களிற் கரையோர வீடுகள் அடியோடு போயின. உயிரிழப்பின் முன் ஏடுகளைப் பற்றிப் பேசக் கூசும். ஆயினும் வரலாற்றாசிரியன் கூறியே ஆகவேண்டும்: வீட்டுடன் பெட்டகமும், பெட்டகத்துடன் அதிலிருந்த பழைய கைப்பிரதிகளும் போயின.

எஞ்சியவை உட்புற வீடுகளிலும் பள்ளிவாசல் அலுமாரிகளிலும் உள்ளன. அவற்றைப் படிப்பது பெரிய வித்தையன்று. உயர்தர வகுப்பில் அரபு பயிலும் மாணவர்க்கு 28 எழுத்துகள் முன்பே தெரியும். புதிதாகக் கற்க வேண்டியவை 12. கரும்பலகையில் எழுதிக் காட்டினால் ஒரு வாரத்திற் பழகிவிடுவர். தமிழ் பயிலும் காரைதீவு மாணவர்க்கு 40 எழுத்துகளும் புதியவை. அவர்க்கு ஒரு மாதம் பிடிக்கலாம். இருவரையும் ஒரே வாங்கில் இருத்தி, ஒருவர் எழுத்தைப் படிக்க மற்றவர் பழந்தமிழ்ச் சொல்லுக்குப் பொருள் காணுமாறு செய்தால், ஒரு விடுமுறைக் காலத்துள் ஒரு சிறு மாலையைத் தமிழெழுத்திற் பெயர்த்து முடிக்கலாம். இவ்வேலைக்குப் பணம் வேண்டியதில்லை. ஒரு வகுப்பறை, இரு ஆசிரியர், வீட்டாரிடம் இரவலாகப் பெற்ற ஒரு கைப்பிரதி, இவ்வளவே வேண்டும்.